பிக்கிள்பாலில் சர்வ் போடும் ஜோடியின் பாடு

டென்னிஸில் சர்வ் கையில் இருந்தால் பாதி ஆட்டம் கையில் இருப்பதுபோல. பிக்கிள்பால் இரட்டையரில் கதை தலைகீழ். புள்ளி எடுக்கும் உரிமை மரபான கணக்கில் சர்வ் போடும் ஜோடிக்கு மட்டுமே உண்டு. ஆனால் வலையருகே முதலில் போய் நிற்கும் வசதி எதிர் ஜோடிக்குத்தான் கிடைக்கிறது. சர்வ் பக்கத்து உத்திகளின் வரலாறு முழுவதும் இந்தக் குறையை ஈடுகட்டப் பார்த்த வரலாறுதான்.

குறையின் வேர் ஒரு வீட்டு முற்றத்தில் இருக்கிறது. 1965 கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் பழைய பேட்மின்டன் தளம் ஒன்றில் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை வைத்துக் குடும்பத்தோடு ஆடத் தொடங்கினார்கள். நண்பர் பார்னி மெக்கலம் ஒட்டுப்பலகையை அறுத்து மட்டை செய்து கொடுத்தார். 60 அங்குல உயரத்தில் கட்டியிருந்த வலை 36 அங்குலத்துக்கு இறங்கியது. தளத்தின் நீள அகலம், 44க்கு 20 அடி, பேட்மின்டனுடையதாகவே இருந்துவிட்டது. கையைத் தாழ்த்திக் குறுக்காகப் போடும் சர்வும் அங்கிருந்து வந்ததே. ஜோடிக்கு இரண்டு சர்வர்கள், ஆட்டத்தைத் தொடங்கும் ஜோடிக்கு மட்டும் முதல் முறை ஒருவர் என்ற ஏற்பாடும் அப்படித்தான். பேட்மின்டன் 2006இல் அந்தப் பழைய கணக்கைக் கைவிட்டது. பிக்கிள்பாலில் இன்றும் ஆட்டத்தின் முதல் சர்வுக்கு முன் ‘பூஜ்யம், பூஜ்யம், இரண்டு’ (இரண்டாம் சர்வர்) என்று அறிவிக்கிறார்கள்.

இதன்மேல் இரண்டு விதிகள் ஏறின. வலைக்கு இருபுறமும் 7 அடிக்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அந்த இடத்துக்குக் ‘கிச்சன்’ என்று பெயர். சர்வும் அதற்கு வரும் பதிலடியும் கட்டாயம் ஒருமுறை தரையில் பட வேண்டும். சர்வ் போட்டவுடன் வலைக்கு ஓடிப் பந்தை அடித்து முடிக்கும் டென்னிஸ் பாணி இதோடு செத்தது. பேஸ்லைனிலிருந்து கிச்சன் கோட்டுக்கு 15 அடி. பதிலடி கொடுத்தவர் அந்தத் தூரத்தைத் தாராளமாக ஓடிக் கடக்கலாம். அவருடைய பார்ட்னர் முன்பே அங்கே நிற்கிறார். சர்வ் போட்ட ஜோடி பந்து தரையில் படும்வரை பின்னால் காத்திருக்க வேண்டும். சர்வ் போட்ட வேகத்தில் இரண்டு எட்டு உள்ளே வந்துவிடுபவரின் காலடியிலேயே ஆழமான பதிலடி விழும். புதிதாக ஆடுபவர்களிடம் இன்றும் அதிகம் தென்படும் பிழை இது. சர்வ் போட்டதும் கோட்டுக்குப் பின்னாலேயே நிற்கச் சொல்லிப் பயிற்சியாளர்கள் மாய்ந்துபோகிறார்கள்.

இந்த 15 அடித் தூரத்தைக் கடக்கக் கிடைத்த வழிதான், சர்வுக்கும் பதிலடிக்கும் அடுத்து சர்வ் ஜோடி அடிக்கும் மூன்றாம் அடி. பந்தை மெல்லத் தூக்கி எதிராளியின் கிச்சனுக்குள் விழவைத்தால், அவர் அதைக் கீழிருந்து மேலாகத்தான் எடுக்க முடியும். ஓங்கி அடிக்க வழியில்லை. அந்த இடைவெளியில் சர்வ் ஜோடி முன்னேறிவிடும். ‘டிராப்’ எனப்படும் இந்த அடி வாய்த்தவர்களே நல்ல இரட்டையர் ஆட்டக்காரர்கள் என்று வெகுகாலம் கருதப்பட்டது. டிராப் சற்று உயர்ந்துவிட்டால் பார்ட்னர்தான் மாட்டிக்கொள்வார். ஆகவே பந்து எப்படி விழுகிறது என்று பார்த்த பிறகே கால் நகர வேண்டும். ஒரே ஓட்டமாகப் போகாமல், இடையில் ஒருமுறை நின்று ஐந்தாம் அடியையும் பின்னாலிருந்தே அடிப்பதில் தவறில்லை.

நிற்கும் இடத்தில் விதி ஒரு சலுகை தந்தது. சர்வ் போடுபவர் மட்டும் சரியான பக்கத்தில் நின்றால் போதும். பார்ட்னர் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். இதிலிருந்து பிறந்தது ‘ஸ்டாக்கிங்’. இருவரும் ஒரே பக்கம் நின்று, சர்வ் போனதும் தத்தம் விருப்பமான பக்கத்துக்கு மாறிக்கொள்வார்கள். இடக்கைக்காரர் ஒருவர் இருக்கும் ஜோடிக்கு இது பெரும் வசதி. இருவரின் ஃபோர்ஹேண்டும் நடுவில் வந்துவிடும். வலக்கைக்காரர்களான பென் ஜான்ஸ், காலின் ஜான்ஸ் சகோதரர்களும் இந்த உத்தியால், காலினை வலப்பக்கமும் பென்னை இடப்பக்கமும் நிலைநிறுத்தி ஆடினார்கள். எத்தனை புள்ளிக்கு யார் எந்தப் பக்கம் என்ற கணக்கை மறந்தால் மட்டும் சர்வ் பறிபோகும்.

சர்வையே ஆயுதமாக்கும் முயற்சியும் நடந்தது. 2021இல் ஸேன் நவ்ராட்டில் என்ற ஆட்டக்காரர் பந்தைக் கையாலேயே சுழலவிட்டுப் போட்ட ‘செயின்சா’ சர்வ் எதிராளிகளைத் திணறடித்தது. 2022இல் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2023இல் கையால் சுழற்றுவதே தடையானது. அதேசமயம், பந்தைக் கீழே விட்டு எழும்பியதும் அடிக்கும் சர்வ் 2021இல் சோதனையாக வந்து நிலைத்துவிட்டது.

கார்பன் மட்டைகள் பரவியபின் மூன்றாம் அடியில் வேகம் திரும்பியது. ஒருவர் பந்தை நேராக அறைய, தடுமாறி எழும்பும் பதிலை முடிக்கப் பார்ட்னர் வலைக்குப் பாய்கிறார். 2021இல் தொடங்கிய மேஜர் லீக் பிக்கிள்பால் போட்டிகளில் இரு பக்கமும் புள்ளி எடுக்கும் ராலி கணக்கு வந்தபோது சர்வ் ஜோடியின் கவலை இன்னும் கூடியது. பழைய முறையில் சர்வ் தவறினால் முறைதான் போகும். இதில் எதிராளிக்குப் புள்ளியும் போய்ச் சேரும்.