எவ்வளவு நிரம்பியிருக்கு?

இங்கே குளிருக்கு எரிக்கும் எண்ணெய் எவ்வளவு மிச்சம்னு தொட்டியில் மாட்டிய ஸ்மார்ட் அளவி செல்பேசிக்குச் சொல்லிடுது. முன்பு நான் வேலை பார்த்த ஹைதராபாத்தில் கவலையே வேறு: காலியாவதல்ல, நிரம்புவது.

1908 செப்டம்பர் 28, மூசி நதி பெருகி சுமார் 15,000 பேர் பலி. ஆற்றோரப் புளியமரம் ஒன்றில் ஏறி 150 பேர் பிழைத்தாங்களாம்.

நிஜாம் அழைத்தது விஸ்வேஸ்வரய்யாவை. 1903-லேயே புனே பக்கம் கடக்வாஸ்லாவில், நீர்மட்டம் ஏறினால் தானே திறக்கும் மதகு வைத்தவர். அவர் யோசனையில் உஸ்மான் சாகர் 1920-லும், ஹிமாயத் சாகர் 1927-லும் எழுந்தன.

2020 அக்டோபரில் ஹிமாயத் சாகர் நிரம்பியதும் எச்சரித்து மதகைத் திறந்தாங்க. அதே மழையில் சின்ன பல்லே செருவு உடைந்து வீடுகளுக்குள் பாய்ந்தது.

அங்கே வீடு வாங்கும் நம்மவர்களே, மேலே எந்த ஏரி, அதன் மட்டத்தைப் பார்ப்பது யார்னு முதலில் கேளுங்க.