வக்காலத்தும் வரிக்கடிதமும்

வக்காலத்து என்று நாம் வழங்கும் சொல் அரபியின் ‘வகாலா’விலிருந்து வந்தது. தம் காரியத்தைப் பிறரிடம் ஒப்படைப்பதே அதன் பொருள். தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய வரலாற்றை அறிந்தோர் அதன் தேவையையும் அறிவர்.

உடையவர் கடல் கடந்து வாழ, தொழில் இங்கே நடந்தால், அரசின் வரிக்கடிதத்தைப் பெறுபவர் யார்? 1922ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 43ஆம் பிரிவு விடை தந்தது. அவருக்காகப் பணிபுரிபவரையோ அவரோடு தொழில் தொடர்புடையவரையோ, அறிவிப்புக் கொடுத்து, விளக்கமும் கேட்டபின், அதிகாரி முகவராகக் கொள்ளலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டமும் இம்முறையைத் தொடர்ந்தது. அறிவிப்புக்கு விடை வராவிடில் அதிகாரி தாமே வருமானத்தை மதிப்பிட்டு வரி விதிக்கவும் இரு சட்டங்களும் இடந்தந்தன. பிரிக்கப்படாத ஓர் உறை பல்லாண்டு உழைப்பைக் குலைத்துவிடும்.

வெளிநாட்டில் பதிவான கம்பெனி, இங்கே தொழிலிடம் அமைத்த 30 நாள்களுக்குள், அறிவிப்புகளைப் பெறும் இந்தியவாசியின் பெயரையும் முகவரியையும் பதிவாளருக்குத் தரவேண்டும் என 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதித்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையே விதிக்கிறது.

2020இல் அதிகாரியை நேரில் காணாத வரிமதிப்பீட்டு முறை வந்தது. கடிதம் இணையக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் செல்கிறது, சிங்கப்பூரிலிருந்தே படிக்கலாம். பதிவிலுள்ள முகவரி பழையதாயின், அது பூட்டிய வீட்டில் விழுந்த தபாலே.

வகீலின் கை அமானிதக் கை. அவருடைய அசட்டையால் நேரும் இழப்புக்கே அவர் பொறுப்பாளி என்பது ஃபிக்ஹு விதி. ஆகவே, சாரல் காலத்தில் குற்றாலம் வந்து திரும்பும் உறவினர், கடிதம் பெறுபவர் யார், விடையளிப்பவர் யார் என்பதை எழுத்தில் வகுத்துவிட்டுப் புறப்படுவார்களாக!