போதை மீட்பில் தோழமைத் துணை: கொங்கு நாட்டுத் திருச்சபைக்கு ஒரு வரலாற்றுப் பாடம்

கொங்கு நாட்டில் போதை என்றவுடன் நம் சபை மக்களின் நினைவுக்கு வருவன கள்ளும் சாராயமுமே. அபினி என்பது சீனருக்கும் வடநாட்டாருக்கும் உரிய துன்பம் என்றே நெடுங்காலம் எண்ணி வந்தோம். அவ்வெண்ணம் இன்று பொருந்தாது. கடும் நோவைத் தணிக்க மருத்துவர் எழுதித் தரும் டேபென்டடால் போன்ற அபினி இன மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் அண்மை ஆண்டுகளில் கோயம்புத்தூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பலமுறை கைது செய்யப்பட்டுள்ளனர். அம்மாத்திரைகளை நீரில் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளும் இளைஞரும் உளர். 2019ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட தேசிய ஆய்வறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் பேர் அபினி இனப் பொருட்களைப் பயன்படுத்துவதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 77 லட்சம் பேர் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது.

இத்தகைய மகனைப் பெற்ற தாய் ஒருத்தி இரவில் போதகர் இல்லத்தின் கதவைத் தட்டுவாளாயின், போதகர் அவளுக்கு என்ன கூறுவார்? ஜெபிப்பார், ஆறுதல் உரைப்பார், ஒருவேளை மகனை அழைத்துக் கண்டிப்பார். அதற்கு மேல் செய்யத்தக்கது யாது? இவ்வினாவிற்குத் திருச்சபை வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. நாம் அதனை மறந்துவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. கடையை மூட முயன்ற தலைமுறை

போதைக்கு எதிரான போராட்டத்தில் கொங்கு நாடு பின்தங்கியதன்று. 1921ஆம் ஆண்டில் ஈரோட்டில் நடைபெற்ற கள்ளுக்கடை மறியலில் பெரியார் ஈ. வெ. ரா.வின் துணைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் முன்னணியில் நின்றனர். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிய இராஜாஜி, மதுவிலக்கிற்கெனவே 1929இல் 'விமோசனம்' என்னும் இதழை அங்கிருந்து வெளியிட்டார்; அப்பணியில் கல்கி அவருக்குத் துணை நின்றார். 1937 அக்டோபர் 1ஆம் நாள், இராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. 1948இல் மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு பரவியது. 1971இல் அது தளர்த்தப்பட்டது. பின்னர் மாறி மாறி விதிக்கப்பட்டும் விலக்கப்பட்டும் வந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறை மது விற்பனையை ஏற்றது.

இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1830இல் அடிஸ் ஐயர் கோயம்புத்தூரில் ஊழியம் தொடங்கிய நாள் முதலாக, நம் சபைகளும் குடியைக் கண்டித்தே வந்துள்ளன. ஆயினும் நாட்டுத் தலைவரும் சபைத் தலைவரும் பெரிதும் நம்பியவை இரண்டு: ஒன்று சட்டம், மற்றொன்று சூளுரை. கடை மூடப்பட்டால் குடி நிற்கும். கை உயர்த்தி உறுதி கூறினால் மனம் மாறும் என எண்ணினர். இவற்றால் நன்மை விளையவில்லை என்று கூறுவது நன்றி மறத்தலாகும். எனினும் கடை மூடிய பின்னும் நடுங்கும் கைகளோடு வீட்டில் அமர்ந்திருந்தவனுக்கு யார் துணை என்ற வினா அன்று போதிய அளவு எழவில்லை. அவ்வினாவிற்கு விடை பிறிதோர் இடத்தில் பிறந்தது.

2. ஷான்சி நாட்டு ஸீ போதகர்

கங்கைச் சமவெளியில் விளைந்து, பாட்னாவிலும் காஸிப்பூரிலும் உருட்டப்பட்ட அபினியை ஆங்கில வாணிபம் சீனாவிற்குள் புகுத்தியது. இதன் பொருட்டே 1839 முதல் 1842 வரை முதல் அபினிப் போர் நடந்தது. பின்னர்ச் சீனாவிலேயே அப்பயிர் பரவி, வடக்கே ஷான்சி மாகாணம் அதில் மூழ்கியது. அங்கே ஸீ என்னும் கன்பூசிய அறிஞர் ஒருவர் அபினிக்கு அடிமையாகிப் படுக்கையிற் கிடந்தார். 1870களின் இறுதியில் பெரும் பஞ்சம் வந்தபோது நிவாரணப் பணிக்கு வந்த வெஸ்லியன் மிஷனெரி டேவிட் ஹில், அறிஞர்களுக்கென ஒரு கட்டுரைப் போட்டியை அறிவித்தார். பரிசு பெற்ற ஸீ, ஹில்லுக்கு மொழி ஆசிரியராக அமர்ந்து, 1879இல் கிறிஸ்துவை ஏற்றார். அபினியை விட்ட நாட்களில் உறக்கமின்றியும் உணவின்றியும் அவர் பட்ட வேதனை கொடியது. மீண்டபின், அலகையை வென்றவன் எனப் பொருள்படும் ஷெங்மோ என்னும் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார்.

அவருடைய தனிச்சிறப்பு மீண்டதில் அடங்கவில்லை. மீண்டபின் அவர் அமைத்த முறையே நம் கவனத்திற்குரியது. அபினி அடிமைகள் வந்து தங்கிக் குணம் பெறும் புகலிடங்களை அவர் ஊர்தோறும் நிறுவினார். அவற்றை நடத்த, அங்கேயே குணமடைந்தவர்களைப் பெரிதும் அமர்த்தினார். முதல் சில இரவுகள் நோயாளி கதறும்போது, அவ்வேதனையைத் தன் உடலில் அறிந்த ஒருவன் அருகில் அமர்ந்திருப்பான். 1896இல் ஸீ இறப்பதற்குள் இத்தகைய புகலிடங்கள் நாற்பதுக்கு மேல் பெருகியிருந்தன. வட சீனாவில் பல சபைகள் இவற்றிலிருந்தே தோன்றின.

இவ்வரலாற்றின் நிழலையும் மறைத்தல் ஆகாது. உடன் ஊழியருள் சிலர் பிரிந்து போட்டிப் புகலிடங்களைத் திறந்தனர். குணமானவருள் மீண்டும் விழுந்தோரும் உண்டு. மேலும், அக்காலத்தில் மிஷனெரிகள் சிலர் நல்லெண்ணத்தோடு வழங்கிய அபினி முறிவு மாத்திரைகளில் மார்பின் கலந்திருந்தமையால், சீன மக்கள் அதனை 'இயேசு அபினி' என்று எள்ளி அழைத்தனர். அறிவோடு கூடாத இரக்கம் புதியதோர் அடிமைத்தனத்தையே தந்தது.

3. ஆக்ரன் நகரில் ஒரு தொலைபேசி அழைப்பு

இதே உண்மையை மேலைநாடு வேறு வழியாகக் கண்டது. அமெரிக்க லுத்தரன் போதகரான ஃபிராங்க் புக்மன் 1915-16இல் ஷெர்வுட் எடியின் நற்செய்தி இயக்கத்தோடு இந்தியாவில் பயணம் செய்தவர். பெருங்கூட்டங்களைக் காட்டிலும், ஒருவர் மற்றொருவரிடம் தம் பாவத்தைத் திறந்து கூறும் தனி உரையாடலே மனத்தை மாற்றும் என்பது அவர் கொள்கை. அவர் தொடங்கிய இயக்கம் பின்னர் 'ஆக்ஸ்போர்டு குழு' எனப் பெயர் பெற்றது.

அக்குழுவின் தொடர்பால் 1934இன் இறுதியில் குடியை விட்டவர் நியூயார்க் பங்கு வணிகர் பில் வில்சன். அவர் பல குடியரிடம் சென்று தம் அனுபவத்தை முழங்கினார், ஒருவரும் திருந்தவில்லை. பிரசங்கத்தைக் குறைத்து, நோயின் தன்மையை முதலில் எடுத்துக் கூறுமாறு அவருடைய மருத்துவர் சில்க்வொர்த் அறிவுரைத்தார். 1935 மே மாதம் ஆக்ரன் நகரில் தொழில் முயற்சி தோல்வியுற்று, விடுதிக் கூடத்தில் தனித்து நின்ற வில்சனை அருகிலிருந்த மதுக்கூடத்தின் ஆரவாரம் இழுத்தது. அவர் அங்கே மாட்டியிருந்த திருச்சபைகளின் பட்டியலைப் பார்த்து, எபிஸ்கோப்பல் சபைக் குருவான வால்டர் டங்ஸ் என்பவருக்குத் தொலைபேசியில் பேசினார். தமக்குப் பேச ஒரு குடியர் வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். டங்ஸ் தந்த பெயர்களின் வழியே ஆக்ஸ்போர்டு குழுவைச் சார்ந்த ஹென்ரியட்டா சைபர்லிங் என்னும் அம்மையாரும், அவர் வழியே குடியால் நலிந்த மருத்துவர் பாப் ஸ்மித்தும் அவருக்கு அறிமுகமாயினர். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாளே 'பெயரற்ற குடிநோயாளர்' இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. 1953இல் கலிபோர்னியாவில் போதைப்பொருள் அடிமைகளுக்கும் இதே வழியில் தனி இயக்கம் எழுந்தது.

இந்நிகழ்ச்சியில் குருவானவர் ஆற்றிய பங்கு சிறியது, ஆயினும் இன்றியமையாதது. அவர் வில்சனைக் குணப்படுத்தவில்லை. அழைத்தபோது பதில் கூறினார். சரியான மனிதரிடம் அனுப்பினார்.

4. நம் நாட்டில்

குடிநோயாளர் இயக்கம் 1957ஆம் ஆண்டளவில் இந்தியாவில் வேரூன்றியது. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தை ஏற்படுத்தினார். குடிநோய்க்குத் தம் கணவரைப் பறிகொடுத்தவர் அவர். அந்நிறுவனம் 1989 முதல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் கிராம முகாம்களையும் நடத்தி, குடும்பத்தாரையும் ஊராரையும் சிகிச்சையில் பங்குபெறச் செய்தது. 1980களில் நம் நகரங்களில் ஹெராயின் பரவியபோது, 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சட்டம் தொட முடியாத இடத்தில் தோழமையும் மருத்துவமுமே பணியாற்ற வேண்டியிருந்தது.

மருத்துவமும் என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. அபினி இனப் பொருளைச் சில வாரம் நிறுத்தியவனின் உடல் பழைய அளவைத் தாங்கும் வலிமையை இழந்துவிடுகிறது. அவன் மீண்டும் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்று இறக்கலாம். எனவே பியூப்ரினார்பின் போன்ற மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் தொடர்ந்து கொடுப்பது உயிர்காக்கும் முறையாக உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது. இம்மருந்தை உண்பவனை விசுவாசம் குன்றியவன் என்று சபையார் இகழ்தல் பெருந்தவறு. நீரிழிவுக்கு மருந்துண்பவனை நாம் அவ்வாறு இகழ்வதில்லை.

5. குறுஞ்செய்தி என்னும் கருவி

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. பிற்காலத்தில் கென்யாவில் மூன்று மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. நோயாளர் 538 பேரிடையே ஓர் ஆய்வு நடைபெற்று, 2010இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறை செவிலியர் சுவாஹிலி மொழியில் 'நலமா?' என்று மட்டும் கேட்டுச் செய்தி அனுப்பினர். நலம் என்றோ, இடர் என்றோ ஒரு சொல்லில் விடை போதும். இடர் என்றவரையும் விடை தராதவரையும் செவிலியர் தொலைபேசியில் அழைத்தனர். இச்செய்தி பெற்றோர் மற்றவரினும் ஒழுங்காக மருந்துண்டனர். அறிவுரையோ அச்சுறுத்தலோ அதில் இல்லை; தன்னை ஒருவர் நினைக்கிறார் என்ற உணர்வே இருந்தது.

இம்முறை நம் பகுதிக்குப் பொருந்தும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலிலும் கோவை வார்ப்படப் பட்டறைகளிலும் இரவுப்பணி ஆற்றுவோர் மாலைக் கூட்டங்களுக்கு வர இயலாது. ஏக்கம் மேலிடும் நேரமோ பெரும்பாலும் நள்ளிரவு. அந்நேரத்தில், முன்பு அவ்வழியே சென்று மீண்ட ஒருவரிடமிருந்து வரும் ஒரு வரி, ஷான்சிப் புகலிடத்தில் படுக்கையருகே அமர்ந்தவனின் பணியை ஓரளவு செய்யும். ஆயினும் மாத்திரை விற்பவனின் எண்ணும் அதே கைபேசியில்தான் உள்ளது என்பதை மறக்கலாகாது. பல வீடுகளில் ஒரே கைபேசியைப் பலர் பார்ப்பராதலால், செய்தியில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ இடம்பெறுதல் கூடாது. விடை வராதபோது நேரில் செல்ல ஒருவர் இல்லையேல், இயந்திரம் அனுப்பும் செய்தி வெறும் விளம்பரமாகிவிடும்.

6. போதகருக்குரிய இடம்

தேவன் நமக்கு அருளிய ஆறுதலினாலேயே பிறரை ஆற்றும் ஆற்றலைப் பவுல் 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் விளக்குகிறார். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுமாறு யாக்கோபு தம் நிருபத்தின் இறுதியில் வேண்டுகிறார். தோழமைத் துணையின் வேர் இங்குள்ளது. புக்மனின் வழியாக இதை உலகிற்குக் கொடுத்த திருச்சபை, தன் ஆலயத்திற்குள் அதற்கு இடம் வைக்கத் தயங்குகிறது. நம் சபைகளில் குடியை விட்டவரைச் சாட்சி கூற மேடையேற்றுகிறோம். மீண்டும் விழுந்தால் திருவிருந்திலிருந்து விலக்குகிறோம். வெற்றியை மட்டுமே பேச இடமுள்ள அவையில், தோல்வியுற்றவன் வாய் திறவான். விழுந்ததை அன்றே சொல்லத்தக்க ஒரு சிறு கூட்டம் சபைதோறும் வேண்டும்.

இறையியல் மாணவர் இதற்கென ஆயத்தம் பெறுதல் நலம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, போதை மீட்பிற்கான 14446 என்னும் தேசிய உதவி எண், 2022இல் தொடங்கிய மனநல உதவி எண்ணான 14416 ஆகியவற்றை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். மீண்டோர் கூடும் இடங்களுக்குப் பேச்சாளராகச் செல்லாமல், கேட்பவராகச் சென்று பின்வரிசையில் அமர்ந்து பழகுதலும் வேண்டும்.

கதவைத் தட்டிய தாய்க்கு வருவோம். போதகர் அவளுக்காக ஜெபிக்கட்டும். அதனோடு, ஒரு மருத்துவரின் முகவரியையும், இதே துன்பத்திலிருந்து மீண்ட ஒருவரின் இசைவோடு அவர் எண்ணையும் எழுதித் தரட்டும். வாரம் ஒருநாள் மாலையில் ஆலயக் கூடத்தின் திறவுகோலை அத்தகையோரிடம் ஒப்படைத்து, அவர்கள் பேசி முடிக்கும்வரை தாம் வெளியே நிற்கட்டும்.