தொடுதல் திரும்பி வந்த கதை

அந்தக் கொப்புளத்தை முதலில் பார்த்தது மகள்தான். கோட்டக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, தோள் வலிக்கு வெந்நீர்ப் பையை வைத்து ஒத்தடம் கொடுத்தபடி படுத்திருந்தார். புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்து, அடிவயிற்றுச் சதையைக் கொண்டு அந்த இடத்தில் புதிய மார்பை அமைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கண் அசந்த நேரத்தில் பை நழுவி மார்பின் மேல் கிடந்தது. மகள் வந்து அதை எடுத்தபோது அடியில் தோல் சிவந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு நீர் கோத்து நின்றது. "சுடலையாம்மா?" என்று பதறினாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலையேடி" என்றார் அக்கா. மரக்காணத்தில் பிறந்து, சின்ன வயதில் உப்பளத்தில் உப்பு வாரியவர் அவர். கால் கீறலில் பாத்தித் தண்ணீர் பட்டால் உயிர் எப்படிப் போகும் என்று கதை கதையாகச் சொல்வார். அப்படிப்பட்டவருடைய உடம்பில் ஒரு துண்டு மட்டும் நெருப்புக்கும் அசையாமல் போனது எப்படி?

விடையின் முதல் நுனி ஒரு தவளையின் நாக்கில் அகப்பட்டது. லண்டனில் ஆகஸ்டஸ் வாலர் என்ற மருத்துவர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டு, என்ன ஆகிறது என்று நாள்தோறும் கவனித்தார். வெட்டுக்கு அப்பால் இருந்த பகுதி, பால் திரிவதுபோல் திரிந்து சிதைந்தது. மூளைப் பக்கம் ஒட்டியிருந்த பகுதியோ உயிரோடு இருந்தது. 1850-இல் இதை அவர் எழுதி வெளியிட்டார். உயிரோடு இருக்கும் அந்த நுனி மெல்ல வளரும் என்பதும், வழி கிடைத்தால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நடக்கும் என்பதும் பிறகு தெளிவானது. வழி கிடைத்தால்தான். அந்த வழியை அடைப்பதில் உலகிலேயே தேர்ந்த கை ஒன்று பின்னர் அமெரிக்காவில் உருவானது.

வில்லியம் ஹால்ஸ்டெட் 1884-இல் கொக்கைன் மருந்தை நரம்பில் ஊசியால் செலுத்தினால் அந்தப் பகுதி முழுக்க மரத்துப்போகும் என்று கண்டுகொண்டார். தன் மீதும் சக மருத்துவர்கள் மீதும் ஊசி போட்டுப் பார்த்தார். சோதனை வென்றது, ஆனால் அவர் போதைக்கு அடிமையானார். அந்தக் குழியிலிருந்து தட்டுத்தடுமாறி எழுந்து பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தவர், மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு கடுமையான அறுவையை நிலைநாட்டினார். மார்பு, அடியிலிருக்கும் தசை, அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துவிடுவது. 1894-இல் 50 பெண்களின் விவரத்தோடு அதை வெளியிட்டார். அறுத்த இடத்தில் நோய் திரும்புவது பெருமளவு குறைந்தது. அடுத்த முக்கால் நூற்றாண்டு உலகம் அந்த வழியில்தான் போனது. நரம்பை இவ்வளவு நெருக்கமாக அறிந்த ஒருவரின் கத்திக்குக் கீழே விலா இடுக்கிலிருந்து மார்புக்கு வரும் நரம்புகள் அறுந்துகொண்டே இருந்தன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உயிர் பிழைத்தாலே பெரிது என்ற காலம் அது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோதும் உயிர்தான் முதல் கேள்வியாக இருந்தது. தொடு உணர்ச்சி இல்லாமல் போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்க ஆள் இல்லை. கேட்டவர் வேறொரு நோயின் வழியாக, நம் பக்கத்து ஊரில் வந்து நின்றார்.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். மறு வருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். மடங்கிப்போன விரல்களோடு நின்ற ஒருவரிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. வலியில் பிராண்ட் துடித்தார். அந்த மனிதருக்கோ தான் எவ்வளவு இறுக்குகிறோம் என்றே தெரியவில்லை. செத்துப்போனதாக உலகம் நினைத்த கைக்குள் பலம் அப்படியே இருந்தது, அதிலிருந்து தகவல் போகும் கம்பிதான் அறுந்திருந்தது.

பிறகு ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, மெலிந்த சிறுவன் ஒருவன் வந்து சாவியைச் சட்டென்று திருப்பினான். பிராண்ட் வியந்து நிமிர்ந்தபோது தரையில் ரத்தம் சொட்டியிருந்தது. சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது, அவன் அதைக் கவனிக்கவே இல்லை. தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்ற பழைய நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. விரல்கள் தேய்ந்தது வலி இல்லாததால்தான். ஆனாலும் ஒரு புதிர் பாக்கி இருந்தது. ராத்திரி படுக்கும்போது முழுசாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. இரவு முழுக்கக் காவல் வைத்துப் பார்த்தார்கள். எலி வந்து கடித்தது. தூங்கியவர் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குத் துணையாகப் பூனைகள் போயின.

இதையெல்லாம் கண்ட மனிதருக்கும் ஒரு ராத்திரி வந்தது. 1950-களின் தொடக்கத்தில், நீண்ட பயணம் முடித்து லண்டனில் ஓர் அறையில் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தொழுநோய் தன்னையும் பிடித்துவிட்டது என்று விடிய விடியத் தூங்காமல் கிடந்தார். காலையில் நடுங்கும் கையோடு மறுபடி குத்தினார். சுரீர் என்றது! ரயிலில் ஒரே பக்கமாக உட்கார்ந்து வந்ததில் கால் மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு சுரீருக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். வலி என்பது வரம் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அறுந்த நரம்பைச் சேர்க்க வேண்டுமானால் முதலில் அது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

அந்தக் கண் கிடைத்தது தற்செயலாக. 1960 வாக்கில் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் ஜேக்கப்சனிடம், நாயின் கழுத்து ரத்தக் குழாயில் ஒட்டியிருக்கும் நரம்புகளை அகற்றித் தரும்படி மருந்து ஆய்வுக்காகக் கேட்டிருந்தார்கள். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்றால் குழாயையே முழுதாக வெட்டித் திரும்பத் தைப்பதுதான் நிச்சயமான வழி என்று அவருக்குப் பட்டது. தைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. கையில் குறை இல்லை, கண்ணுக்குத்தான் எட்டவில்லை என்று புரிந்தது. காது அறுவைக்காரர்கள் பயன்படுத்திய நுண்ணோக்கியைக் கொண்டுவந்து அதன் அடியில் தைத்தார். நுண் அறுவை என்ற துறையே அங்கிருந்து கிளம்பியது. நரம்பை ஒழிக்க எடுத்த கருவி, சில ஆண்டுகளிலேயே நரம்பைத் தைக்கும் கருவி ஆனது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். இயந்திரத்தில் சிக்கி அறுந்த விரல்கள் தமிழ்நாட்டிலும் உணர்ச்சியோடு ஒட்டத் தொடங்கின. விரலுக்கு வந்த யோகம் மார்புக்கு மட்டும் வரவில்லை.

மார்பின் கதை வேறு ஒரு கையில் இருந்தது. ஹூஸ்டன் நகரில் ஃபிராங்க் ஜெரோ என்ற மருத்துவர் ஒரு நாள் ரத்தம் நிரம்பிய பிளாஸ்டிக் பையைப் பிடித்துப் பார்த்தார். தொட்டால் மார்பு போலவே இருக்கிறதே என்று தோன்றியது. 1962-இல் சிலிக்கோன் பை ஒரு பெண்ணின் உடலுக்குள் முதன்முதலாகப் போனது. அந்தக் கணத்தைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒன்று உறுத்தும். தொட்டுப் பார்த்தவர் கைக்கு எப்படி இருக்கிறது என்பதிலிருந்து கிளம்பிய கண்டுபிடிப்பு அது. தொடப்படுகிறவளுக்கு எப்படி இருக்கும் என்பது அதில் இல்லவே இல்லை. அடுத்து வந்தவர்களும் வடிவத்தைத்தான் துரத்தினார்கள். 1982-இல் அட்லாண்டாவில் கார்ல் ஹார்ட்ராம்ப் வயிற்றுத் தசையோடு சேர்த்துச் சதையை மேலே கொண்டுவந்து மார்பு அமைத்தார். 1989-இல் ஜப்பானின் இசாவோ கோஷிமா தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் ரத்தக் குழாயோடு எடுக்கலாம் என்று காட்டினார். 1992-இல் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் ஆலன் அந்த முறையில் மார்பை அமைத்தார். சேலை கட்டினால் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வடிவம் வந்துவிட்டது. அதற்குள் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் ஒரு சின்ன அதிர்ஷ்டம் பெரிய தடையாக வந்து நின்றது. ஒட்டிய சதையில் சில பெண்களுக்கு ஓரங்களில் தானாகவே கொஞ்சம் உணர்ச்சி திரும்பியது. "தானா வந்துடும், நரம்பை எதுக்குத் தைக்கணும்?" என்று பலரும் விட்டுவிட்டார்கள். வந்ததோ திட்டுத் திட்டாக, வருடக் கணக்கில், நடுப்பகுதியை எட்டாமல். இத்தனைக்கும் இரண்டு நுனிகளும் அறுவைக்காரரின் கண்ணெதிரில்தான் இருந்தன. வயிற்றுச் சதையைத் தூக்கும்போது ரத்தக் குழாயோடு மெல்லிய உணர்ச்சி நரம்பும் கூடவே வரும். குழாயை இணைப்பதற்காக நெஞ்செலும்பின் ஓரத்தில் மூன்றாம் விலாப் பக்கம் திறந்தால், அங்கே மார்புக்கு வந்த பழைய நரம்பின் வெட்டு நுனி கிடக்கும். ஒன்றை ஒன்றோடு வைத்துத் தைத்தால் போதும். தலைமுடியில் பாதிகூட இல்லாத நைலான் இழையில் இரண்டு மூன்று தையல். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிலிப் புளோண்டீல் அப்படித் தைத்து, தைத்தவர்களையும் தைக்காதவர்களையும் ஒப்பிட்டு 1999-இல் எழுதினார். தைத்தவர்களுக்கு உணர்ச்சி சீக்கிரமாகவும் கூடுதலாகவும் வந்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் ஸ்டெஃபானியா டவுண்டரும் கூட்டாளிகளும் அதைத் தொடர்ந்தார்கள். சிலிக்கோன் பை வைத்துக்கொண்ட பெண்களுக்கோ இணைக்க எதிர் நரம்பே பக்கத்தில் இல்லை.

அந்தப் பள்ளத்தைத் தாண்டியவர் சான் பிரான்சிஸ்கோவின் ஆன் பீலெட். மார்பை மறுபடி அமைப்பதே தொழிலாகக் கொண்ட அவருக்கு 2017-இல் அதே நோய் வந்தது. அறுவை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்க்க நேர்ந்தது. கணவர் ஸிவ் பீலெட் நரம்பு அறுவை மருத்துவர். இருவரும் சேர்ந்து, நோயோடு மார்புத் திசுவை எடுக்கும்போதே காப்பாற்ற முடிந்த நரம்பைக் காப்பாற்றினார்கள். முடியாததை, இறந்தவர்கள் தானமாகத் தந்து பதப்படுத்தி வைத்த நரம்புத் துண்டைப் பாலமாக வைத்து முலைக்காம்பு வரை இணைத்தார்கள். 2019-இல் அதை வெளியிட்டார்கள். பழைய சுகம் அப்படியே திரும்பும் என்று இதில் நேர்மையான யாரும் வாக்குத் தருவதில்லை. சூடு, குளிர், குத்தல், குழந்தை சாய்ந்துகொள்ளும் பாரம் ஆகியவை மாதங்கள் கழித்து, சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு மார்பை மறுபடி அமைக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை எனும்போது, நரம்பு வரை பேச்சு வருவது அபூர்வம். அக்காவுக்கும் அறுவைக்கு முன் யாரும் அதைச் சொல்லவில்லை. புண் ஆறிய பிறகு ஒரு மருத்துவர்தான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பொருளை எடுத்தார்.

அக்காவுக்கு அது தெரிந்த பொருள்தான். பிளாஸ்டிக் பிடியில் செருகிய நைலான் இழை. சர்க்கரை நோய்க்காரர்களின் பாதத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பதற்காக எத்தனையோ மருத்துவமனைகளில் கிடப்பது. ஜெர்மனியின் மாக்ஸ் ஃபான் ஃப்ரே 1890-களில் முடியைக் கொண்டு தோலைத் தொட்டுப் பார்த்ததில் தொடங்கி, போரில் தலையில் குண்டடி பட்டவர்களைச் சோதிக்க ஜோசஃபின் செம்ஸும் சிட்னி வைன்ஸ்டைனும் 1960 வாக்கில் நைலானில் செய்து, பிறகு தொழுநோயாளிகளின் கை கால்களுக்கு வந்து சேர்ந்த இழை அது. இன்று உலகில் நரம்பு தைத்த மார்புகளில் உணர்ச்சி எவ்வளவு திரும்பியது என்று அளப்பதும் இதே இழைதான். குறிப்பிட்ட அழுத்தத்தில் அது வளையும், அதற்குள் தொட்டது தெரிய வேண்டும். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் வைத்தபோது "ம்" என்றார். அடுத்த இடத்திலும் "ம்". பிறகு இழை நடுப்பகுதிக்குப் போனது. வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. மருத்துவர் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். எல்லாம் முடிந்து அக்கா கண்ணைத் திறந்து, "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

போன சித்திரையில் மரக்காணத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, உப்பளக் காற்றில் வியர்த்துக் கொட்டி, தழும்பின் ஓரத்தில் இருந்த ஒரு கீறல் எரிந்ததாம். "எரியுதுடி, நெசமாவே எரியுது" என்று மகளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். நடுவில் இன்னும் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் குளிப்பதற்கு முன் ஒரு சொம்பு வெந்நீரைப் புறங்கையில் ஊற்றிப் பார்த்துக்கொள்கிறார்.