ஆவடி டாங்கியின் மாலைக்கண்

மாலைக்கண் வியாதி பத்தி நம்ம எல்லாருக்கும் தெரியும். பொழுது சாய்ந்தால் பார்வை மங்கிவிடும். வைட்டமின் ஏ குறைச்சல், முருங்கைக்கீரை சாப்பிடு என்பார்கள். இதே வியாதி நாற்பது டன் எடையுள்ள டாங்கிக்கும் உண்டு. அதுவும் நம்ம சென்னையிலேயே, ஆவடியில் செய்த டாங்கிகளுக்குப் பல வருஷம் இருந்தது. முருங்கைக்கீரை அதுக்கு வேலைக்காகாது :-) அந்தக் கண்ணோட கதைதான் இந்தப் பதிவு.

எங்க கோவிலம்பாக்கம் சென்னைக்குத் தெற்குக் கோடி. ஆவடி வடமேற்குக் கோடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் தொடங்கியது. இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி வடிவமைத்த டாங்கிதான் முதலில். அதுக்கு 'விஜயந்தா' என்று பேர் வைத்து, 1965 டிசம்பரில் முதல் டாங்கியை வெளியே விட்டார்கள். அப்புறம் 1980களின் இறுதியில் ரஷ்ய டி-72 டாங்கியை உரிமம் வாங்கி அங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். 'அஜேயா' என்று பேர். வெல்ல முடியாதவன் என்று அர்த்தம். பகலில் சரி. ராத்திரியில்?

அதைச் சொல்லணும்னா கொஞ்சம் பின்னால் போகணும்.

1800-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர், சூரிய வெளிச்சத்தை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு சூடு என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்தால் சூடு இன்னும் ஏறியது. அங்கே ஏதோ ஒளி இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று புரிந்தது. அதுதான் அகச்சிவப்பு, இன்ஃப்ராரெட்.

தெரியாத ஒளியைத் தெரிய வைக்க 130 வருஷத்துக்கு மேல் ஆனது. 1934-ல் ஹாலந்தில், பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஹோல்ஸ்ட் என்பவரும் அவர் சகாக்களும் ஒரு கண்ணாடிக் குழாய் செய்தார்கள். ஒரு முனையில் அகச்சிவப்பு பட்டால் எலக்ட்ரான்களை உதிர்க்கும் பூச்சு. மறு முனையில் எலக்ட்ரான் பட்டால் மினுங்கும் திரை. நடுவில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் கொடுத்து எலக்ட்ரான்களை இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத காட்சி திரையில் விழும். நம்ம பழைய டிவி பிக்சர் ட்யூபுக்குப் பங்காளி மாதிரி. இமேஜ் கன்வர்ட்டர் ட்யூப் என்று பேர். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் வரும்.

இந்தக் குழாய்க்கு ஒரு பலவீனம். இருட்டில் தானாக எதையும் பார்க்காது. ஒரு விளக்கு வேண்டும். சாதாரண விளக்குக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்து அகச்சிவப்பை மட்டும் விடுகிற கறுப்புக் கண்ணாடியை மாட்டினால், மற்றவர்களுக்கு இருட்டு, நமக்கு வெளிச்சம். ஜெர்மன்காரர்கள் இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் பாந்தர் டாங்கி சிலவற்றில் இதைப் பொருத்தினார்கள். அந்தச் சின்ன விளக்கின் தூரம் போதாது என்று, 60 சென்டிமீட்டர் விட்டத்தில் பெரிய விளக்கு வைத்த ஒரு துணை வண்டியும் செய்தார்கள். அதுக்கு 'ஊகூ' என்று பேர். ஜெர்மனில் அது ஆந்தை!

போர் முடிந்ததும் ரஷ்யர்கள் இதை வரிசையாகத் தங்கள் டாங்கிகளில் எல்லாம் வைக்க ஆரம்பித்தார்கள். டி-55, டி-62, டி-72 எல்லாத்துலயும் பீரங்கிக் குழாய்க்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு பெரிய விளக்கு இருக்கும், படத்தைப் பார்த்தால் தெரியும். அந்த விளக்கின் பேர் 'லூனா'. நிலா! டிரைவருக்குத் தனியாக அகச்சிவப்பு முன்விளக்கு, கமாண்டருக்குத் தனியாகச் சின்ன விளக்கு. எதிரிக்குத் தெரியாத சொந்த நிலாவை வண்டியிலேயே கட்டிக்கொண்டு போகிற ஏற்பாடு. யோசனை அழகுதான்.

எங்க தெருவில் டி-72-ல் கன்னராக இருந்து ரிடையர் ஆன ஒருத்தர் இருக்கார். காலையில் பால் வாங்கப் போகும்போது பிடித்தேன். "ஐயா, அந்த நிலா விளக்கு எப்படி இருக்கும்?" சிரித்தார். "விளக்கைப் போட்டா நமக்கு எண்ணூறு மீட்டர் தெரியும் தம்பி. எதிரிகிட்ட அதே மாதிரி கண்ணாடி இருந்தா, அவனுக்கு நம்மளை அதைவிட எவ்வளவோ தூரத்துலயே தெரியும். இருட்டுல பீடி பத்தவெச்ச மாதிரிதான்."

அவர் ஒரே வரியில் சொன்னதுக்குள்ள பௌதிகமே இருக்கு. நம்ம விளக்கின் ஒளி எதிரி வரைக்கும் போய், அவன் மேல் பட்டுச் சிதறி, அதில் கொஞ்சூண்டு திரும்பி நம்மிடம் வர வேண்டும். போக ஒரு பயணம், வர ஒரு பயணம். எதிரிக்கோ ஒரு பயணம் போதும். அவன் விளக்கைப் போடவே வேண்டாம். சும்மா கண்ணாடியை வைத்துப் பார்த்தாலே நம்ம விளக்கு நேராக அவன் கண்ணில் அடிக்கும். அதாவது, விளக்கு ஏற்றியவன் பார்ப்பதற்கு முன்னால் பார்க்கப்படுகிறான்.

எதிரியிடம் கண்ணாடி இல்லாத வரைக்கும் இந்த வித்தை செல்லுபடியானது. 1973 அக்டோபரில் கோலான் குன்றுகளில் சிரியாவின் ரஷ்ய டாங்கிகள் ராத்திரியில் அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னேறின. இஸ்ரேலின் டாங்கிகளில் அந்த வசதி இல்லை. அவிக்டோர் கஹலானி என்ற பட்டாலியன் தளபதி போன்ற சிலரிடம் அகச்சிவப்பைக் காட்டும் பைனாகுலர் இருந்தது. அதில் பார்த்தால் சிரிய விளக்குகள் தெரியும், ஆனால் சுடுகிற கன்னருக்கு ஒன்றும் தெரியாது. அந்த ராத்திரிகளில் இஸ்ரேல்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அதுக்கப்புறம் உலகம் விளக்கைத் தூக்கிப் போட்டது. இரண்டு வழி. ஒன்று, நட்சத்திர வெளிச்சத்தையே பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் குழாய். இன்னொன்று தெர்மல். நம்ம உடம்பு, இன்ஜின், சூடான பீரங்கிக் குழாய் எல்லாமே தானாகவே நீண்ட அலை அகச்சிவப்பை வெளியே விட்டுக்கொண்டு இருக்கின்றன. அதையே படமாக்கினால் விளக்கும் வேண்டாம், நிலாவும் வேண்டாம். புகை, தூசியை எல்லாம் ஓரளவு ஊடுருவியும் பார்க்கலாம். ஒரு வேடிக்கை, இந்த நீண்ட அலைக்கு நம்ம ஜன்னல் கண்ணாடி சுவர் மாதிரி. அதனால் லென்ஸை ஜெர்மானியம் என்கிற உலோகம் போன்ற பொருளில் செய்கிறார்கள். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த இரண்டு கண்ணும் நேருக்கு நேர் மோதியது 1991 பிப்ரவரி 26. ஈராக் பாலைவனத்தில் '73 ஈஸ்டிங்' என்று பேர் வாங்கிய சண்டை. மணற்புயல். அமெரிக்க ஏப்ரம்ஸ் டாங்கியில் தெர்மல். ஈராக்கின் டி-72-ல் பழைய நிலா விளக்கு. மெக்மாஸ்டர் என்ற கேப்டனின் ஒரு பிரிவு மட்டும் 23 நிமிஷத்தில் 28 டாங்கிகளை அழித்ததாக அவர்கள் கணக்கு. ஈராக்கியர்களில் பலருக்கு எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே தெரியவில்லை. சண்டை நடந்தது ராத்திரி கூட இல்லை, சாயங்காலம்!

அந்த நேரத்தில் ஆவடியில் டி-72 வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதே குடும்பம். அதே விளக்கு.

இதில் இன்னொரு கூத்து. வளைகுடாப் போர் முடிந்து ஒன்பதே வருஷத்தில் தெர்மல் கண் காருக்கு வந்துவிட்டது. 2000-ஆம் வருஷ மாடல் காடிலாக் டிவில் காரில் ஆப்ஷன். 2004-ல் ஹோண்டா லெஜண்ட் ரோட்டில் ஆள் நடந்தால் கண்டுபிடித்து எச்சரித்தது. 2005-ல் பிஎம்டபிள்யூ தெர்மல் வழியில் போனது. அதே வருஷம் பென்ஸ் எஸ் கிளாஸ் பழைய வழியில், அகச்சிவப்பு முன்விளக்கு போட்டது. ரோட்டில் எதிரி கிடையாதே, விளக்கு போட்டால் தப்பில்லை. படமும் பார்க்கச் சாதாரணப் படம் மாதிரி தெளிவாக இருக்கும். ஆனால் பள்ளிக்கரணைப் பக்கம் 200 அடி ரோட்டில் ராத்திரி படுத்திருக்கிற எருமைக்கு என் ஓட்டு தெர்மலுக்குத்தான். கறுப்பு ரோட்டில் கறுப்பு எருமை எந்த விளக்குக்கும் சட்டென்று பிடிபடாது. சூடு பிடிபடும்.

பணக்காரர் வீட்டுக் காருக்கு 2000-ல் கிடைத்த கண், நம்ம டாங்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்போது இல்லை. ஒரு டி-72-க்குள்ள மூணு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கமாண்டர், கன்னர், டிரைவர். கார் வாங்கியவருக்கு இது சொகுசு. இந்த மூணு பேருக்கு உயிர்.

நாம சும்மா இருந்தோமா? இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1979-ல் புனேயில் இமேஜ் கன்வர்ட்டர் ட்யூப் செய்ய ஒரு யூனிட் தொடங்கியது. 1983-ல் மசூலிப்பட்டினத்தில் இருந்த ஆந்திரா சயின்டிஃபிக் கம்பெனியை எடுத்துக்கொண்டு, அங்கே இரவுப் பார்வைக் கருவிகள். 1985-ல் ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கணும் என்றே டாங்கி எலக்ட்ரானிக்ஸுக்காகச் சென்னை யூனிட். அது நந்தம்பாக்கத்தில் இருக்கிறது, எங்க ஏரியாவிலிருந்து பத்து கிலோமீட்டர் போல. பரங்கிமலை பக்கமாகப் போகும்போது எத்தனையோ தடவை கடந்திருப்போம். 1990-ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து புனேயில் ஒளி பெருக்கிக் குழாய். 1934-ல் ஹாலந்தில் பிறந்த வித்தையின் அடுத்த தலைமுறை, ஹாலந்து வழியாகவே நமக்கு வந்தது.

ஆனால் உலகம் தெர்மலுக்குப் போயிருந்தது. இரும்பை உருக்கி உடம்பு செய்யக் கற்றுக்கொண்ட வேகத்தில் கண் செய்யக் கற்றுக்கொள்ள முடியவில்லை. டி-72-களில் ஒரு பகுதிக்கு இஸ்ரேலிய தெர்மல் வாங்கிப் பொருத்தினார்கள். 2001-ல் ரஷ்யாவிடம் 310 டி-90 வாங்க ஒப்பந்தம். அதில் கன்னருக்கு பிரான்ஸின் தாலஸ் கம்பெனி தெர்மல். வந்த டாங்கியை ராஜஸ்தானுக்குக் கொண்டுபோனால், வெயிலில் டாங்கிக்குள் கொதிக்கிற சூட்டில் அந்தக் கருவிகள் மக்கர் பண்ணின. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் காரணம் இருக்கு. இந்த வகைத் தெர்மல் கண்ணின் உள்ளே இருக்கும் உணரியை மைனஸ் 200 டிகிரிக்குக் கிட்டத்தட்டக் குளிர வைத்தால்தான் அது ஒழுங்காகப் பார்க்கும். சுற்றிலும் அடுப்பு மாதிரி இருந்தால் அந்தக் குட்டி ஃப்ரிட்ஜ் என்ன செய்யும் பாவம். ஐரோப்பியக் குளிரை மனசில் வைத்துச் செய்த கண், தார் பாலைவனத்தில் தடுமாறியது.

2009 ஆகஸ்டில் ஆவடியிலேயே செய்த டி-90 'பீஷ்மா' வந்தது. 2012 மார்ச்சில் ராணுவத் தளபதி வி.கே. சிங் பிரதமர் மன்மோகன் சிங்குக்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் கசிந்தது. டாங்கிக்குக் குண்டு பற்றாக்குறை என்பதோடு, காலாட்படைக்கு ராத்திரியில் சண்டை போடக் கருவி போதவில்லை என்பதும் அதில் இருந்தது. கடிதம் எப்படிக் கசிந்தது என்று நாடே சண்டை போட்டது. உள்ளே எழுதியிருந்த ராத்திரியைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசின மாதிரி எனக்கு ஞாபகமில்லை.

நல்ல செய்தியும் உண்டு. 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் மோடி அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியை ராணுவத்திடம் ஒப்படைத்தார். வடிவமைப்பு ஆவடியில் இருக்கும் போர் வாகன ஆராய்ச்சிக் கூடம். அதில் கமாண்டருக்குச் சுற்றிச் சுழன்று பார்க்கும் தனித் தெர்மல் கண் உண்டு. அதே வருஷம் செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு ஆவடியில் ஆர்டர்.

இப்போ கடைசிக்கு வருவோம். 2022-ல் பாதுகாப்பு அமைச்சகம் பாரத் எலக்ட்ரானிக்ஸோடு சுமார் 1,075 கோடி ரூபாய்க்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. 957 டி-90 டாங்கிகளில் கமாண்டரின் கண்ணை மாற்றுவதற்கு. ராத்திரியிலும் 8 கிலோமீட்டர் வரை இலக்கைக் கண்டுபிடிக்கும் தெர்மல், நம்ம பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து இங்கேயே வடிவமைத்தது. சரி, கழற்றப்போகிற பழைய கண் எது?

இமேஜ் கன்வர்ட்டர் ட்யூப்.

1934-ல் ஹோல்ஸ்ட் செய்த குழாயின் வாரிசு, 2022 வரைக்கும் நம்ம முன்னணி டாங்கியின் கமாண்டர் கண்ணில் உட்கார்ந்திருந்தது. கன்னருக்குத் தெர்மல் இருந்தும், எங்கே பார்க்கணும்னு கன்னருக்குச் சொல்ல வேண்டிய மனுஷன் பழைய குழாயில் துழாவிக்கொண்டிருந்தார். எண்பத்தெட்டு வருஷம்! கண்ணை மாத்தறாங்க என்பது சந்தோஷம். அதுவரை அந்த இருக்கையில் உட்கார்ந்து எல்லையில் ராத்திரி முழித்தவர்களை நினைத்தால்தான் என்னவோ போல் இருக்கு.

ஆவடியிலோ நந்தம்பாக்கத்திலோ வேலை பார்த்தவர்கள், டாங்கிப் படையில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த நிலா விளக்கு பத்தி ரகசியமில்லாத வரைக்கும் ரெண்டு வரி சொல்லுங்க. எங்க தெரு ஐயாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.