திங்கள் என்னும் மரக்கலம்

உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் தொடக்கக் காலக் கிறித்தவர் மீனையும் நங்கூரத்தையும், ஆட்டைத் தோளிற் சுமந்த ஆயனையும் தீட்டி வைத்தனர். மீனுக்குரிய கிரேக்கச் சொல், இயேசுவைப் போற்றும் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது. கி.பி. 216இல் பாபிலோனியாவில் பிறந்த மானியின் சமயத்திலோ திங்களே மரக்கலம். உயிர்களினின்று விடுபட்ட ஒளியை ஏற்றி ஏற்றி அது வளரும். நிறைந்தபின் ஞாயிற்றிடம் சேர்த்துத் தேயும். வளர்பிறைக்கு இத்துணை அழகிய காரணத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை. மானியோ அதனை உவமையாகவன்றி உண்மையாகவே உரைத்தார். இடர் அங்கே பிறந்தது. ஒன்பதாண்டளவு அச்சமயத்தைச் சார்ந்திருந்த அகுஸ்தினார், கிரகணங்களைக் கணித்தோர் நூல்களோடு மானியின் நூல்களை ஒப்பிட்டார். மானியின் கூற்று நிற்கவில்லை. 387இல் அவர் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவரானார். மீனைக் கணக்கிட்டு யார் மறுப்பர்?

மானியின் சமயம் மேற்கே மறைந்தது. சீனத்து ஃபூஜியன் மாநிலத்தில், சாவோஆன் கோயிலில் 1339இல் அமைத்த அவர் கல்லுருவை மட்டும் ‘ஒளிப் புத்தர்’ என்று ஊரார் இன்றும் வணங்குகின்றனர்.