விசா: சொல்லும் பொருளும் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

அயல்நாட்டுக்குச் சுற்றுலாச் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் பயணத்துக்கு முன்னரே பெற வேண்டிய ஆவணங்கள் இரண்டு. ஒன்று பாஸ்போர்ட், மற்றொன்று விசா. முன்னதற்குக் கடவுச்சீட்டு என்னும் தமிழ்ச் சொல் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. பின்னதற்கு நுழைவிசைவு, நுழைவு அனுமதி, நுழைவுச்சீட்டு எனப் பல ஆக்கங்கள் வழங்குகின்றன. கடவுச்சீட்டு என்னும் சொல்லை ஏற்றுக்கொண்ட இலங்கை அரசு ஆவணங்களும் இதனை வீசா என்றே எழுதுகின்றன.

இவற்றுள் எது பொருத்தமானது என்பது சொல்லழகு பற்றிய வினா அன்று. விசா பெற்றுச் சென்ற ஒருவர் அயல்நாட்டு விமான நிலையத்தில் திருப்பியனுப்பப்படும்போது, “அனுமதி வாங்கிக்கொண்டுதானே வந்தேன்?” என்று கேட்பது இயல்பு. அக்கேள்விக்கான விடை விசா என்னும் சொல்லின் வரலாற்றில் உள்ளது. அவ்வரலாற்றைத் தொகுத்துரைத்து, மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்றை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொற்பிறப்பு

‘காண்’ எனப் பொருள்படும் ‘விதேரே’ என்னும் இலத்தீன் வினையின் அடியாகப் பிறந்தது விசா. ‘கார்த்தா விசா’ என்னும் தொடருக்குக் ‘காணப்பட்ட தாள்’ என்பது பொருள். இத்தொடரின் பெயர்ப்பகுதி மறைய, அடையாக நின்ற எச்சமே பெயராயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லோடு, ‘பார்வையிட்டு ஒப்பமிடப்பட்டது’ எனப் பொருள் தரும் ‘வீசே’ என்னும் பிரெஞ்சு வடிவமும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பரவலாக வழங்கியது. பின்னர் விசா என்பதே நிலைத்தது.

ஆகவே சொல்லின் முதற்பொருளில் ‘அனுமதி’ என்னும் கருத்து இல்லை. ஒருவர் கொண்டுவந்த தாளை அதிகாரி ஒருவர் கண்டார் என்பதற்கான சான்றே அது. பிற மொழிகளின் ஆக்கங்களும் இதனை உறுதிப்படுத்துகின்றன. செருமானியச் சட்டமொழியில் வழங்கிய ‘ஸிஷ்ட்ஃபெர்மெர்க்’ என்னும் சொல்லுக்குப் ‘பார்வைக் குறிப்பு’ என்பது நேர்பொருள். சப்பானியச் சொல்லான ‘சஷோ’ ஆய்வு, சான்று என்னும் இரு கூறுகளாலும், சீனச் சொல்லான ‘சியென்செங்’ ஒப்பம், சான்று என்னும் இரு கூறுகளாலும் ஆனவை. அரபியின் ‘தஃஷீரா’ குறியிடுதல் என்னும் பொருளடிப்படையில் எழுந்தது. காணல், ஆய்தல், குறியிடல், ஒப்பமிடல் ஆகிய செயல்களே இச்சொற்களில் இடம்பெறுகின்றன. நுழைதலோ இசைதலோ இவற்றுள் எதிலும் இல்லை என்பது கருதத்தக்கது.

3. இந்திய மரபில் முத்திரையும் பார்வையும்

பயண ஆவணத்தைப் பற்றிய தெளிவான பழைய விதிகள் அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணம், 34ஆம் அத்தியாயத்தில் உள்ளன. முத்திராத்தியட்சன் என்னும் அதிகாரி ஒரு மாஷம் கட்டணம் பெற்று முத்திரை வழங்க வேண்டும். முத்திரை உடையவர் நாட்டுக்குள் நுழையலாம். நாட்டைவிட்டு வெளியேறவும் செய்யலாம். முத்திரை இல்லாத உள்நாட்டார்க்கு 12 பணம் தண்டம். போலி முத்திரைக்கு முதல்நிலைத் தண்டமும், அதனைக் கொண்டுவருபவர் அயல்நாட்டாராயின் மிகவுயர்ந்த தண்டமும் விதிக்கப்பட்டன. முத்திரையைப் பரிசோதிக்கும் பொறுப்பு மேய்ச்சல் நிலங்களின் கண்காணிப்பாளனுக்கு உரியது. அவன் கடமையைக் குறிக்க நூல் ஆளும் வினை ‘காண்’ என்பதே. இலத்தீனிலும் வடமொழியிலும் ஒரே செயல் ஒரே பொருளுடைய வினையால் சுட்டப்படுவது மொழியியலார் கவனத்துக்குரியது.

மைசூரில் ஆர். சாமாசாத்திரியார் இந்நூலை 1909இல் பதிப்பித்து, 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலாக வெளியிட்டார். முத்திராத்தியட்சனை அவர் பாஸ்போர்ட்டுக் கண்காணிப்பாளர் என்னும் பொருளில் மொழிபெயர்த்தார். எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. அர்த்தசாத்திரத்தில் வழங்குபவனும் காண்பவனும் ஒரே அரசின் ஊழியர்கள். இக்கால முறையிலோ பாஸ்போர்ட்டை வழங்குவது ஓர் அரசு. அதனைக் கண்டு விசா இடுவது வேறோர் அரசு.

தமிழ் மரபில், காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதிப் பொருள்கள்மீது சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அது பொருள்களுக்கு இடப்பட்ட குறி, மாந்தர்க்கு இடப்பட்டதன்று. ஆயினும் கண்காணித்துக் குறியிட்ட பின்னரே செல்லவிடுதல் என்னும் நடைமுறை நமக்குப் புதியதன்று என்பதை அது காட்டுகிறது.

4. பார்வையிடும் இடத்தின் மாற்றம்

முதல் உலகப் போருக்கு முன்னர்ப் பயணிகளைக் கட்டுப்படுத்தும் இடமாகப் பெரும்பாலும் துறைமுகமே இருந்தது. இதன் கொடிய விளைவை 1914ஆம் ஆண்டின் கோமகட்டா மாரு நிகழ்ச்சி உணர்த்துகிறது. 376 பயணிகளுடன் மே 23இல் வான்கூவர் வந்தடைந்த அக்கப்பல், ஒரு சிலர் நீங்கலாக எவரும் இறங்க விடப்படாமல் இரண்டு மாதங்கள் நங்கூரமிட்டு நின்று, சூலை 23இல் திருப்பியனுப்பப்பட்டது. கடல் கடந்த பின்னரே பயணிகளின் தகுதி ஆராயப்பட்டது.

போர்க்காலத்தில் ஐரோப்பிய நாடுகள் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கட்டாயமாக்கின. தற்காலிகம் எனக் கருதப்பட்ட ஏற்பாடு போருக்குப் பின்னும் நீடித்தது. 1920இல் பன்னாட்டுச் சங்கத்தின் சார்பில் பாரிசில் கூடிய மாநாடு, பாஸ்போர்ட் 32 பக்கங்கள் கொண்ட ஏடாக அமையவேண்டும் எனப் பரிந்துரைத்தது. வழியில் காணும் அரசுகள் குறியிடுவதற்கென்றே அப்பக்கங்களுட் பெரும்பாலானவை ஒதுக்கப்பட்டன. அதே ஆண்டில் இந்தியாவுக்குள் நுழைவதற்கான பாஸ்போர்ட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையிலிருந்த இச்சட்டம், 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டார் சட்டத்தால் நீக்கப்பட்டது.

1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அயல்நாடுகளிலுள்ள அமெரிக்கத் தூதரக அலுவலர்களிடம் முன்னரே விசா பெறுவதை அது குடியேறுவோர்க்குக் கட்டாயமாக்கியது. பார்வையிடும் இடம் துறைமுகத்திலிருந்து பயணியின் சொந்த ஊர்ப்பக்கம் நகர்ந்தது. ஆயினும் துறைமுக அதிகாரியின் அதிகாரம் நீங்கிவிடவில்லை. ஒரு பயணி இருமுறை காணப்படும் நிலை ஏற்பட்டது. இன்றைய மொழிபெயர்ப்புச் சிக்கலின் வேர் இவ்விரட்டைப் பார்வையில் உள்ளது.

5. சுற்றுலா என்னும் வகை

‘தூர்’ என்னும் பிரெஞ்சுச் சொல் சுழற்சியைக் குறிப்பது. புறப்பட்ட இடத்துக்கே மீளுதல் அதன் உட்பொருள். தமிழில் சுற்று, உலா என்னும் இரு சொற்கள் இணைந்த சுற்றுலா என்னும் ஆக்கம் இவ்வுட்பொருளைச் செம்மையாகக் காக்கிறது. அரசன் அல்லது இறைவன் வீதிவலம் வந்து மீள்வதைப் பாடும் சிற்றிலக்கிய வகையின் பெயர் இக்காலச் சொல்லில் உறுப்பாக அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

1937இல் பன்னாட்டுச் சங்கத்தின் புள்ளியியல் வல்லுநர் குழு, தாம் வழக்கமாக வாழாத நாட்டில் 24 மணி நேரமோ அதற்கு மேலோ தங்குபவரைச் சுற்றுலாப் பயணி என வரையறுத்தது. 1963இல் உரோமில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மாநாடு வரையறையைச் சீரமைத்து, 24 மணி நேரத்துக்குக் குறைவாகத் தங்குவோரைத் தனி வகையாகப் பிரித்தது.

விசா அலுவலர்க்கோ காலம் மட்டும் போதாது. மீளும் நோக்கமும் வேண்டும். 1952ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தில் 214ஆம் பிரிவின் ‘பி’ உட்பிரிவு, சில வகையினர் நீங்கலாக, விண்ணப்பிப்பவரைக் குடியேற வருபவராகவே முதலில் கருதுகிறது. அவ்வாறு அன்று என மெய்ப்பிப்பது அவர் கடமை. வங்கிக் கணக்கு விவரம், பணியிட விடுப்புச் சான்று, சொத்து ஆவணம், மீள்பயணச் சீட்டு ஆகியன பல நாடுகளின் சுற்றுலா விசா விண்ணப்பங்களோடு கேட்கப்படுவதன் காரணம் இதுவே. சுற்றுலா என்னும் சொல்லிலுள்ள ‘சுற்று’ முழுமையுறும் என்பதற்கான சான்றுகள் அவை.

6. சட்டப் பொருள்

ஷெங்கன் நாடுகளுக்குரிய 2009ஆம் ஆண்டின் விசா நெறித்தொகுப்பு, விசாவைக் கையில் வைத்திருப்பது மட்டுமே தன்னியல்பாக நுழைவுரிமை தராது என 30ஆம் உறுப்பில் வெளிப்படையாகக் கூறுகிறது. அமெரிக்கச் சட்டத்தின் நிலையும் அதுவே. நுழைவை முடிவு செய்பவர் எல்லை அதிகாரி. அங்கு விசா பல ஆண்டுகள் செல்லுபடியானாலும், ஒவ்வொரு முறையும் தங்கத்தக்க காலம் வந்திறங்கும் இடத்திலேயே குறிக்கப்படுகிறது.

ஷெங்கன் விசா ஒட்டில் செல்லுபடிக் காலமும் தங்கும் நாள்களும் தனித்தனியே அச்சிடப்படுகின்றன. ஒரு மாதம் செல்லுபடியாகும் விசாவில் தங்கும் காலம் 10 நாள் என இருப்பின், அம்மாதத்துக்குள் 10 நாள் மட்டுமே தங்கலாம். இரண்டையும் ‘அனுமதிக் காலம்’ என்று மொழிபெயர்ப்பின், அதனை நம்பும் பயணி காலங்கடந்து தங்கிய குற்றத்துக்கு ஆளாவார். அடுத்த விண்ணப்பத்திலும் அக்குறை அவரைத் தொடரும்.

எனினும் இந்நிலை எங்கும் ஒருபடித்தானதன்று. பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டின் ஆணைக்குப் பின்னர், முன்கூட்டிப் பெறும் விசாவே நுழைவு இசைவாகவும் செயற்பட இயலும்; ஆயினும் குறிப்பிட்ட காரணங்களுக்காக எல்லையில் அதனை நீக்கும் அதிகாரம் உண்டு. எனவே விசாவையும் நுழைவு அனுமதியையும் சமன்படுத்துவது ஒரு நாட்டின் சட்டத்தில் ஓரளவு பொருந்தலாம். அதனைப் பொதுச்சொல்லாக்குதல் பொருந்தாது.

7. மொழிபெயர்ப்புக்கான முடிபு

நுழைவிசைவு, நுழைவு அனுமதி ஆகியவை இலக்கணத்தால் பிழையுடையவை அல்ல. அவற்றை விசாவுக்கு வழங்கிவிட்டால், எல்லை அதிகாரி வழங்கும் உண்மையான அனுமதிக்குத் தமிழில் சொல் எஞ்சாது என்பதே குறை. மூலத்தில் இரண்டு சொற்கள் எதிரெதிராக நிற்கும் சட்டத் தொடரைத் தமிழாக்கும்போது இது வெளிப்படும். ‘நுழைவு அனுமதி இருப்பதால் மட்டும் நுழைவு அனுமதி கிடைத்துவிடாது’ என்னும் பொருளற்ற தொடரே அங்கு விளையும்.

ஆகவே மூன்று நெறிகளைப் பரிந்துரைக்கலாம். முதலாவது, முன்கூட்டிப் பெறும் ஆவணத்தை விசா என்றே எழுதுதல். விளக்கம் வேண்டுமிடத்துப் ‘பயண ஆவணத்தின்மீது அயல்நாட்டு அரசு இடும் மேலொப்பம்’ எனலாம். மேலொப்பம் தமிழக ஆட்சித்துறையில் ஏற்கனவே வழங்குவது. ஒருவர் தந்த ஆவணத்தைப் பிறிதொருவர் கண்டு ஒப்பமிடுதல் என்னும் கருத்தைத் தருவது. இரண்டாவது, நுழைவு அனுமதி என்பதை எல்லையில் நிகழும் முடிவுக்கு மட்டும் உரியதாக்குதல். மூன்றாவது, செல்லுபடிக் காலம், தங்கற்காலம் என்னும் இரண்டையும் எவ்விடத்தும் மயங்காது ஆளுதல்.

இந்தியா 2014 நவம்பர் 27இல் 43 நாட்டினர்க்குத் தொடங்கிய மின்னணுச் சுற்றுலா விசா முறையில், விண்ணப்பிக்கும்போது தூதரகத்தில் பாஸ்போர்ட்டை நேரில் காட்டுவதும் அதன்மீது ஒட்டு ஒட்டுவதும் இல்லை. தாள் மறைந்தாலும் வந்திறங்கும் இடத்தில் அதிகாரியின் பார்வை மறையவில்லை. முன்னர்க் காணப்பட்டது வேறு, வாயிலில் விடப்படுவது வேறு என்னும் வேறுபாட்டை விண்ணப்பதாரர்க்குத் தம் மொழியில் தெளிவாக்குவது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பாகும்.